முயல் வேலைக்கு வந்த அப்பா

பத்தாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது ஒரு செம்மறியாடு எங்களை முந்திக்கொண்டு போனது. அதுவும் ஓடவில்லை. மேய்ந்துகொண்டே போனது.

"ஏங்க, ஆடு போகுது" என்றாள் அம்மா.

"போகட்டும். ஆரம்பத்துல பாயுறவங்க எல்லாம் கடைசியில நாக்குத் தள்ளிக் கிடப்பாங்க" என்றார் அப்பா.

"அது புல்லு தின்னுக்கிட்டே போகுதுங்க."

"தெம்பு வேணும்ல? தின்னட்டும்."

முன்னால் அப்பா. அவருக்குப் பின்னால் அம்மா. அவளுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில்களோடு சைக்கிளில் நான். சைக்கிளில் வந்தேன் என்பதே பொய். அந்த வேகத்துக்கு சைக்கிள் ஓடாது, சாயும். இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். நடந்தும் இரண்டு முறை அம்மாவை இடித்துவிட்டேன். எனக்குப் பின்னால் மஞ்சள் பஸ் உறுமிக்கொண்டு வந்தது. பின்தங்கியவர்களை அள்ளிக்கொண்டு போகிற பஸ். பாதித் தூரத்தில் ஓர் ஆள் கடிகாரத்தோடு நிற்பார். நேரத்துக்குள் அவரைத் தாண்டாவிட்டால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. பஸ்ஸில் ஏற வேண்டியதுதான்.

பஸ் ஓட்டுநர் கொட்டாவி விட்டார். அவரைப் பார்த்து அப்பா கண்ணடித்ததை நான் பார்த்தேன்.

அம்மாவை அந்தப் பஸ்ஸில் ஏற்றுவதுதான் அப்பாவின் திட்டம். அவள் முகமும் வாடக்கூடாது, தன் பேரும் கெடக்கூடாது. நேரம் போதவில்லை, யாரும் ஒன்றும் செய்ய முடியாது, வா வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான்.

எனக்குக் கதையை இழுக்கப் பிடிக்காது. முன்கதையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நான் ஜெமுதாய். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். அடுத்து என்ன என்று கேட்கிறவர்களைச் சைக்கிளால் இடிக்கத் தோன்றுகிறது. ஓட்டக்காரர்களுக்குப் பேர்போன மலையூர் ஈட்டென் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரில் ஓடாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாதிரியார், பால் சொசைட்டித் தராசு, நான்.

அப்பா பெயர் கிப்செரெம். இருபது வருடம் முயலாக வேலை பார்த்தவர். பெரிய மாரத்தான்களில் பேர்பெற்ற வீரர்களுக்கு முன்னால் அளந்துவைத்த வேகத்தில் ஓடிக் காட்டுவார். எதிர்க்காற்றைத் தன் நெஞ்சில் வாங்குவார். முப்பதாவது கிலோமீட்டர் வந்ததும் சாலையை விட்டு விலகி, போர்வையைப் போர்த்திக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். அதுதான் முயல் வேலை. கூலி அதுவரைக்கும்தான். உலகத்தில் எத்தனையோ நகரங்களைப் பார்த்திருக்கிறார். ஒரு நகரத்திலும் முடிவுக்கோட்டைப் பார்த்ததில்லை.

அம்மா பெயர் ஜெபிவோட். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கேன்சர் வந்தது. பிழைக்க மாட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது. தச்சு வேலை பார்க்கிற என் தாய்மாமா மெத்தூசலா நல்ல பலகையாக நாலைந்து தனியே எடுத்தே வைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. அவர் தொழில் அது.

அம்மா பிழைத்துக்கொண்டாள். வலியை மறந்தாள், கொட்டிய முடியை மறந்தாள். மருந்து ஏற்றும்போது மணிக்கணக்காக உட்கார்ந்திருந்த மரப்பெஞ்சை மட்டும் மறக்கவில்லை. வாந்தியும் எடுக்க வேண்டும், நிமிர்ந்தும் உட்கார வேண்டும்.

"சாவுக்குக்கூட நான் பயப்படல. அந்தப் பெஞ்சுக்குத்தான் பயந்தேன்" என்பாள்.

அந்த வார்டுக்குச் சாய்வு நாற்காலிகள் வேண்டும், அதற்குப் பணம் திரட்ட நான் மாரத்தான் ஓடப் போகிறேன் என்று ஒருநாள் சோளமாவில் உகாலி கிண்டிக்கொண்டே அறிவித்தாள். அப்பா கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

"செத்துப் பிழைச்சவடி நீ!"

"பிழைச்சவதானே ஓட முடியும்? செத்தவளா ஓடுவா?"

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஓடச் சொன்னாரு."

"எவ்வளவு தூரம்?"

"அதை நான் கேட்டுக்கிட்டேன். நீங்க தட்டை எடுங்க."

அப்பாவுக்குப் பயம். இதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், நான் சொல்கிறேன். அம்மா தூங்கும்போது மூக்குக்கு நேரே கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். "இன்னும் இருக்கேன், போய்ப் படுங்க" என்று அவள் கண்ணைத் திறக்காமலே சொல்வாள். அவள் கொல்லைக்குப் போனால் இவரும் போவார். மாட்டுக்கு உப்பு வைக்கப் போனால் பின்னாலேயே நிற்பார். மாடே அவரை ஒருமாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டது.

ஓட்டத்தைத் தடுக்க அவளுடைய ஓட்டக் காலணியை மக்காச்சோளக் குதிருக்குள் ஒளித்துவைத்தார். அம்மா வெறுங்காலில் ஓடினாள். முன்னைவிட வேகமாக. காலணி மறுநாளே திரும்பி வந்துவிட்டது. பிறகு அவளைத் தனியாக விட மனமில்லாமல் தினமும் காலையில் அவரும் பின்னாலேயே ஓடினார். ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் குடை, தோளில் போர்வை. அவள் விழுந்தால் தாங்கிப் பிடிக்க. ஏழு மாதம் அவள் விழவேயில்லை. குடைதான் இரண்டு முறை விழுந்தது.

கடைசியில் ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்து நின்றார்.

"நானே உனக்கு முயலா வர்றேன். கடிகாரம் எல்லாம் வேண்டாம். என் கால்தான் கடிகாரம்."

"நிஜமாவா?" என்று அம்மா உடனே சம்மதித்தாள். அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். அம்மா எதற்கும் உடனே சம்மதிக்கிறவள் இல்லை.

என்னைத் தனியாக மாட்டுக்கொட்டகைக்குக் கூப்பிட்டுத்தான் பஸ் திட்டத்தைச் சொன்னார்.

"நீ மணி என்னன்னு வாயைத் திறக்காத. அது போதும்."

"அம்மா கேட்டா சொல்லிடுவேன்பா."

"கேக்க மாட்டா."

"கேட்டா?"

"பெத்த அப்பனுக்காக ஒரு பொய் சொல்ல மாட்டியா?"

"மாட்டேன்."

"உன்னைப் படிக்க வெச்சதே தப்பு."

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அம்மா ஊரைக் கூட்டி ஹராம்பே வைத்தாள். ஆளாளுக்கு எழுந்து நின்று நன்கொடை தருவதாக வாக்குக் கொடுக்கிற கூட்டம். நான் அன்று எல்டோரெட் டவுனில் கம்ப்யூட்டர் வகுப்பு விசாரிக்கப் போயிருந்தேன். அப்பா கன்று போடுகிற பசுவோடு இருந்தார். அதற்கப்புறம் ஊர் முழுக்க அப்பாவை ஒரே கேள்வி கேட்டது.

"கால் எப்படி இருக்கு, கிப்செரெம்?"

"இருக்கு. ரெண்டும் இருக்கு."

கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெத்தூசலா மாமா வீடுதேடி வந்து, சந்தையில் காளையைப் பார்க்கிற மாதிரி அப்பாவின் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு முகம் வாடிப் போனார்.

"பாத்தியா, தங்கச்சி ஓடுறான்னதும் மச்சானுக்கு என் கால் மேல எவ்வளவு அக்கறை!" என்று அப்பா நெகிழ்ந்துவிட்டார்.

சரி, பத்தாவது கிலோமீட்டருக்கு வருகிறேன். ஆடு வளைவில் மறைந்துவிட்டது.

"ஏங்க, என் காலடிச் சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"இப்போ?"

"கேக்குதுடி."

"இப்போ?"

இப்போது அவள் அவர் குதிகாலை மிதிக்காத குறையாக வந்துவிட்டாள். அவள் மூச்சு அவர் பிடரியில் பட்டது. அவ்வளவுதான். அப்பாவின் முதுகு விறைத்தது. கால் தானாக ஒரு எட்டு அகலமாக விழுந்தது.

பின்னால் காலடி நெருங்கினால் இடைவெளி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீரர் தடுக்கி விழுவார், அடுத்த ஓட்டத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். இருபது வருடம் அதற்காகவே வளர்த்த கால். அதற்குப் பஸ் திட்டம் தெரியாது. அம்மா நெருங்கினாள், கால் விலகியது. அம்மா இன்னும் நெருங்கினாள், கால் பறந்தது. வளைவில் ஆட்டைத் தாண்டினோம். பால் கேன் கட்டிய கழுதையைத் தாண்டினோம். நான் சைக்கிளில் ஏறி மிதித்தேன். பதினைந்தாவது கிலோமீட்டரில் எனக்கு மூச்சு வாங்கியது!

"ஏன்டி இப்படி ஒட்டிக்கிட்டு வர்ற! தள்ளி வா!"

"தள்ளி வந்தா காத்து அடிக்குதுங்க."

"வேகமா போறோம்டி!"

"முயல் நீங்க. நான் சும்மா பின்னால வர்றேன்."

ஒவ்வொரு கிராமத்திலும் சனங்கள் வேலியோரம் நின்று கத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால் அம்மா பெயரை ஒருவரும் கத்தவில்லை. "கிப்செரெம்! கிப்செரெம்! கால் பத்திரம்!" என்றுதான் கத்தினார்கள். அப்பா கையை ஆட்டி ஆட்டி இன்னும் வேகமானார்.

பாதித் தூரத்தில் கடிகாரத்தோடு நின்ற ஆள் எங்களைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார். "நிறைய நேரம் இருக்கு, போங்க போங்க!"

அப்பா முகம் புளித்த முர்சிக் பால் குடித்தவர் மாதிரி ஆனது. தண்ணீர் வாங்குகிற சாக்கில் என் பக்கம் வந்தார்.

"அவன் கடிகாரம் தப்பு."

"நீங்கதான்பா வேகமா வந்தீங்க."

"நானா?"

"பின்ன நானா? அந்த ஆட்டைக்கூட விடல நீங்க."

"சரி, காதைக் கொடு. முப்பதுல எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கப் போகுது. விழுந்துடுவேன். புருஷன் ரோட்டுல கிடக்கும்போது எந்தப் பொண்டாட்டி ஓடுவா? அவளும் நின்னுடுவா."

"அது பொய்தானே?"

"பொய் இல்ல. அக்கறை."

"அம்மா கேட்டா..."

"தெரியும். அதனாலதான் இந்த வீட்டுல உன்கிட்ட யாரும் எதையும் சொல்றதில்ல."

இருபத்தாறில் அம்மாவின் முகம் மாறியது. உதடு வெளுத்தது. கை ஆடுவது நின்று நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அப்பா ஒரு முயல் எந்தக் காலத்திலும் செய்யாததைச் செய்தார். முன்னாலிருந்து விலகி அவள் பக்கத்தில் வந்து ஓடினார். கேலி, திட்டம், கண்ணடிப்பு எதுவும் முகத்தில் இல்லை.

"போதும்டி. யாருக்கும் நீ எதையும் நிரூபிச்சுக் காட்ட வேண்டாம்."

"முப்பது வரைக்கும்ங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நிறுத்திக்கிறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அப்பாவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. எனக்கும்தான். மலையே எழுந்து வழிவிட்ட மாதிரி இருந்தது. அந்த நாலு கிலோமீட்டரும் அவர் அவளுக்குப் பாட்டுப் பாடாத குறை. ஆனாலும் அவருக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும். முப்பதாவது பலகையைப் பார்த்ததும் "ஐயோ!" என்று காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உருண்டார். நல்ல நடிப்பு. செம்மண் புழுதி நாலு ஆள் உயரத்துக்கு எழுந்தது.

யாரும் ஓடி வரவில்லை.

அப்பா ஒரு கண்ணைத் திறந்தார்.

அம்மா சாலையை விட்டு விலகியிருந்தாள். ஓரத்தில் புத்தம்புதுச் சாய்வு நாற்காலி ஒன்று. அதில் போர்வையைப் போர்த்திக்கொண்டு சாய்ந்திருந்தாள். வார்டு நர்ஸ் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் டீ. பக்கத்தில் மெத்தூசலா மாமா, கையைக் கட்டிக்கொண்டு.

"இழுத்துக்கிச்சா? எழுந்து நாலு எட்டு ஓடுங்க, சரியாயிடும்" என்றாள் அம்மா.

"நீ... நின்னுட்டியா?"

"டாக்டர் இந்த வருஷம் முப்பதுதான்னு சொல்லிட்டாரு. நான் முயல். என் வேலை முடிஞ்சுது."

"அப்போ நாற்காலி?"

"அது உங்க காலுல இருக்கு."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். அம்மா டீயை ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "ஹராம்பேயில நான் ஓடி முடிப்பேன்னு சொல்லல. என் புருஷன் ஓடி முடிப்பாருன்னு சொன்னேன். சர்ச்சே சிரிச்சுது. பாதிரியார் சிரிச்சு சிரிச்சு படியில உட்கார்ந்துட்டாரு. உங்களால முடியாதுங்கிற தைரியத்துல ஆளாளுக்கு அள்ளி அள்ளி வாக்குக் கொடுத்தாங்க. அண்ணன் எழுந்து, அந்த முயல் கோட்டைத் தாண்டிட்டா வார்டுக்கு வேணுங்கிற நாற்காலி எல்லாம் என் மரம், என் கூலின்னுடுச்சு."

"மச்சான்!" என்றார் அப்பா.

"நான் சிரிப்புல சொல்லிட்டேன், மச்சான்" என்றார் மாமா பாவமாக. "மாதிரிக்கு இதோ இந்த ஒண்ணை மட்டும்தான் செஞ்சேன். அதுவும் தங்கச்சிக்குன்னு அப்போ எடுத்து வெச்ச பலகைதான். வா, நீயும் உட்காரு. டீ இருக்கு. போர்வை இருக்கு. முப்பது ஆச்சு, உன் வழக்கத்தை ஏன் கெடுக்கணும்?"

அப்பாவின் கால் நிஜமாகவே அந்தப் போர்வைப் பக்கம் திரும்பியது. நான் பார்த்தேன்.

"என்னால முடியாதுடி. நான் ஓடியே பல வருஷம் ஆச்சு."

"ஏழு மாசமா என் பின்னாடி ஓடினது யாரு? பேயா?"

குடையும் பிளாஸ்க்குமாக அப்பாவே தன்னைத் தயார் செய்திருந்தார்.

"ஊர் பூரா தெரியுமா? என் பொண்ணுக்கும்?"

"இவளுக்கா? இவகிட்டச் சொன்னா அடுத்த நிமிஷம் உங்க காதுல இருக்கும்" என்றாள் அம்மா. எனக்குக் கோபம் வந்தது.

"உன்னை இப்படி விட்டுட்டு நான் எப்படிப் போறது?" என்றார் அப்பா. குரல் தாழ்ந்துவிட்டது.

"அதுக்குத்தாங்க போகச் சொல்றேன்" என்றாள் அம்மா. "பன்னெண்டு கிலோமீட்டர் என்னைப் பாக்காம இருங்க. நான் செத்துட மாட்டேன். அந்தப் பெஞ்சுல இப்பவும் யாரோ உட்கார்ந்திருக்காங்க. எழுந்திருங்க. ஒண்ணே ஒண்ணு, திரும்பித் திரும்பிப் பாக்காதீங்க. முன்னாடி பாத்து ஓடுங்க."

அப்பா எழுந்தார். மண்ணைத் தட்டினார். முப்பத்தோராவது கிலோமீட்டருக்குள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கால் வைத்தார். வேலியோரச் சனங்கள் போட்ட சத்தத்தில் மாடுகள் மிரண்டு ஓடின. மெத்தூசலா மாமா தலையில் கைவைத்து அந்த நாற்காலியின் கைப்பிடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் சைக்கிளில் அவர் பின்னால் போனேன். பத்து எட்டுக்கு ஒருமுறை அவர் கழுத்து பின்னால் திரும்பியது. வளைவு வந்து நாற்காலி மறைந்த பிறகும் திரும்பியது. ஒரு பள்ளத்தில் கால் விட்டார். சோளம் சுடுகிறவளின் அடுப்பை மிதிக்கப் பார்த்தார். அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

"முன்னாடி பாருங்கப்பா! பின்னாடி நான்தான் இருக்கேன்!"

"உன்னை யாரு பாத்தா?"

"அம்மா சாஞ்சு உட்கார்ந்து டீ குடிக்கிறாப்பா."

"டீ சூடா இருந்துதா, பாத்தியா?"

"ஓடுங்கப்பா!"

முப்பத்தைந்தில் நடந்தார். முப்பத்தெட்டில் நிஜமாகவே கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. இந்த முறை சத்தமே போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டினார், நொண்டலே ஓட்டமானது. மஞ்சள் பஸ் மறுபடி பின்னால் உறுமியது. ஓட்டுநர் இப்போது கொட்டாவி விடவில்லை. சன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு "ஓடு முயலே, ஓடு!" என்று கத்தினார். நான் சைக்கிள் மணியை அடித்து அடித்து மணியே கழன்று விழுந்துவிட்டது.

பள்ளி மைதானத்துக்குள் நுழைந்தபோது ஓட்டத்தை மூடுகிற நேரம் நெருங்கிவிட்டது. சர்ச் மொத்தமும் முடிவுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்றது. பாடகர் குழு பாட்டை மறந்து ஊளையிட்டது. குறுக்கு வழியில் மோட்டார்பைக்கில் வந்திருந்த அம்மா, போர்வையோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே நின்றாள். முகத்தில் தெளிவு வந்திருந்தது. படம் எடுக்கிறவர் காமிராவைத் தூக்கினார். எங்கள் குடும்பத்தில் முதல்முறையாக ஒருவர் ஓட்டத்தை முடிக்கப் போகிறார், அதுவும் முகம் தெரிகிற படத்தோடு.

கோட்டுக்கு இன்னும் இருபது எட்டுத் தூரம் இருந்தது. அப்பா கழுத்தைப் பின்னால் திருப்பினார். தூரத்தில் வளைந்து போகிற செம்மண் சாலையையே தேடினார்.

"முன்னாடி பாருங்க!" என்று அம்மா கத்தினாள். "நான் இங்க இருக்கேங்க! முன்னாடி பாருங்க!"

அவள் குரல் கேட்டதும் அப்பாவுக்கு உயிர் வந்தது. எங்கே, எங்கே என்று உடம்பு முழுவதையும் பின்பக்கம் திருப்பிக்கொண்டு, முதுகாலேயே கோட்டைத் தாண்டினார்.

படத்தில் அவருடைய பின்மண்டை நன்றாக விழுந்திருக்கிறது. முன்னால் பார்க்கச் சொன்னார்கள். அவர் பார்க்கவில்லை.